எண்ணத்துக்குக் கணக்கு எழுதிய ஏழை ஆசிரியர்

பல்கலைக் கழகத்தின் வாசற்படியை மாணவனாக ஒரு நாளும் மிதித்தறியாத ஒருவர் கல்லூரிப் பேராசிரியர் ஆக முடியுமா? பட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதத் துண்டுகூட இல்லாதவருக்கு இங்கிலாந்தின் ராயல் சொஸைட்டி தங்கப் பதக்கம் அளிக்குமா? செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, பதினாறாவது வயதிலேயே குடும்ப பாரத்தைச் சுமந்த ஒருவர், அரிஸ்டாட்டில் காலம் முதல் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பெரிய மாறுதல் எதுவும் இல்லாமல் இருந்த தர்க்க சாஸ்திரத்தையே ஆட்டி அசைத்துவிட முடியுமா?

இவ்வளவையும் ஒரே மனிதர் செய்து காட்டினார். அவர் பெயர் ஜார்ஜ் பூல். 49 ஆண்டுகளே வாழ்ந்தவர். அவர் காலத்தில் மின்சார விளக்குகூட வீடுகளுக்கு வரவில்லை. ஆயினும், இன்று கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் ஒவ்வோர் இளைஞனும் அவர் பெயரைத் தினம் ஒரு முறையாவது உச்சரிக்காமல் இருப்பதில்லை. 'பூலியன்' என்று அவர்கள் சொல்வது இவருடைய பெயரைத்தான்.

மனிதன் வாயால் சொல்லும் வாக்கியத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாத கணக்காக எழுதிவிடலாம் என்று கண்டவர் அவர். அந்த ஒரு கருத்துக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

செருப்புக் கடையில் தூரதரிசினி

இங்கிலாந்தில் லிங்கன் என்பது ஒரு பழைய நகரம். குன்றின் மேல் பெரிய தேவாலயம் உண்டு. அந்த நகரத்தில் 1815-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி ஜார்ஜ் பூல் பிறந்தார். தந்தை ஜான் பூல் செருப்புத் தைக்கும் தொழிலாளி. தாயார் மேரி ஆன் ஒரு சீமாட்டியிடம் பணிப்பெண்ணாக இருந்தவர். திருமணமாகிப் பல ஆண்டுகள் குழந்தை இல்லாமல் இருந்து, பிறகு பிறந்த தலைப்பிள்ளை ஜார்ஜ். அவருக்குப் பின் ஒரு தங்கையும் இரண்டு தம்பிகளும் பிறந்தார்கள்.

தந்தைக்குக் கை செருப்பில் இருந்ததே தவிர, மனம் அதில் இல்லை. கண்ணாடிகளைத் தேய்த்துத் தூரதரிசினி செய்வதில் அவருக்கு அளவு கடந்த ஆசை. இறைவனின் படைப்பைப் பக்தியோடு பார்க்க விரும்புவோர் உள்ளே வந்து தூரதரிசினி வழியே பார்க்கலாம் என்று கடை ஜன்னலில் அறிவிப்பு எழுதி வைத்திருந்தாராம். நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் செருப்பு வாங்கினார்களா? அதுதான் இல்லை! வியாபாரம் நாளுக்கு நாள் நொடித்தது. ஆனால் மகனுக்குக் கணக்கின் முதற்பாடமும் வானத்தின் முதற்பாடமும் அந்தக் கடையிலேயே கிடைத்தன.

பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஜார்ஜ் போக வழி இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் லத்தீனும் கிரேக்கமும் தெரிந்தவர்தான் படித்தவர். அவ்வூர்ப் புத்தக வியாபாரி ஒருவர் லத்தீன் மொழியின் அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தார். கிரேக்க மொழியைச் சிறுவன் தானாகவே கற்றான். பதினான்காவது வயதில் பழைய கிரேக்கப் பாட்டு ஒன்றை ஆங்கிலக் கவிதையாக மொழிபெயர்த்தான். தந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அதை உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார், அதுவும் அச்சாயிற்று.

வந்தது வம்பு! பதினான்கு வயதுப் பையன் இப்படி எழுத முடியாது, எங்கிருந்தோ திருடியிருக்கிறான் என்று ஓர் உபாத்தியாயர் அதே பத்திரிகையில் எழுதினார். செருப்புத் தைப்பவரின் மகனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு, திருட்டுக் குற்றச்சாட்டாகத்தான் வந்தது!

பதினாறு வயதில் குடும்ப பாரம்

1831-ம் ஆண்டில் தந்தையின் தொழில் அடியோடு சாய்ந்தது. வீட்டில் ஆறு வயிறுகள். மூத்த மகனுக்கு வயது பதினாறு. ஜார்ஜ் பூல் டான்காஸ்டர் என்ற ஊருக்குப் போய், ஒரு பள்ளியில் உதவி ஆசிரியர் ஆனார். அன்று முதல் பெற்றோருக்கும் தம்பி தங்கைக்கும் அவர் சம்பாத்தியமே ஆதாரம்.

வேலைக்கு நடுவில் உயர்தரக் கணிதம் படிக்கத் தொடங்கினார். அதற்கு அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது. கையில் உள்ள காசுக்கு ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். கதைப் புத்தகம் வாங்கினால் ஒரே இரவில் தீர்ந்து போகும். கணிதப் புத்தகம் வாங்கினால் மாதக் கணக்கில் வரும் அல்லவா? அப்படி அவர் வாங்கியது லாக்ரோவா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் நூல். சொல்லித் தர ஆள் கிடையாது. புரியாத பக்கத்தைப் புரியும் வரையில் திரும்பத் திரும்பப் படித்தார். பின்னர் லக்ராஞ்சு, லாப்லாஸ் முதலிய பெருமேதைகளின் நூல்களையும் இதே முறையில் கரைத்துக் குடித்தார்.

டான்காஸ்டரில் அவர் வேலை நிலைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் தேவாலயத்தில் அமர்ந்து கணக்குப் போடுகிறார் என்று பிள்ளைகளின் பெற்றோர் புகார் செய்ததாகச் சொல்வார்கள். அடுத்த வேலையும் வெகு நாள் நீடிக்கவில்லை. பிறரிடம் கை கட்டி நிற்பதைவிடச் சொந்தப் பள்ளி நடத்துவதே மேல் என்று முடிவு செய்தார். 1834-ம் ஆண்டு, 19-வது வயதில், லிங்கன் நகருக்குத் திரும்பித் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் பள்ளிக்கூட வாத்தியாராகவே அவர் காலம் கழிந்தது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். இரவில் தமக்குக் கணிதம்.

வயல்வெளியில் உதித்த எண்ணம்

டான்காஸ்டரில் இருந்தபோது, பதினேழு வயதில் ஒரு நாள் அவர் வயல்வெளியில் நடந்து கொண்டிருந்தார். திடீரென்று ஓர் எண்ணம் மின்னலைப் போல் தோன்றியது. எண்களுக்குப் பதில் எழுத்துக்களை வைத்துக் கணக்குப் போடுகிறோம். அது போலவே மனிதனின் எண்ணங்களுக்கும் எழுத்துக்களை வைத்துக் கணக்குப் போட்டால் என்ன?

யாரிடம் சொல்வது? பட்டம் இல்லாத பதினேழு வயதுப் பையன் சொன்னால் யார் கேட்பார்கள்? அந்த எண்ணத்தை மனத்துக்குள் பூட்டி வைத்தார். அது வெளியே வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் லிங்கன் நகரத் தொழிலாளர் கல்விக் கழகம் அவருக்கு உதவிற்று. அதில் நல்ல நூல்கள் இருந்தன. பக்கத்து ஊர்ப் பிரபு சர் எட்வர்டு பிராம்ஹெட் கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர். தம்முடைய நூல்களை இரவல் கொடுத்தார். 1839-ல் பூல் கேம்பிரிட்ஜுக்குப் போய் டங்கன் கிரெகரி என்ற இளம் அறிஞரைக் கண்டார். கிரெகரி நடத்தி வந்த கணிதப் பத்திரிகையில் பூலின் கட்டுரைகள் வெளிவந்தன. கேம்பிரிட்ஜில் சேர்ந்து படிக்கலாமா என்ற ஆசையும் எழுந்தது. பள்ளியை மூடினால் லிங்கனில் அடுப்பு எரியாதே! ஆசையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

பட்டம் வராவிட்டாலும் பதக்கம் வந்தது. 1844-ல் அவர் எழுதிய நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ராயல் சொஸைட்டி தங்கப் பதக்கம் வழங்கிற்று. கணிதத்துக்காக அந்தச் சபை அளித்த முதல் தங்கப் பதக்கம் அது. பெற்றவர் லிங்கன் நகரத்துப் பள்ளி வாத்தியார்!

மதுரையில் பிறந்த நண்பர்

பூலின் வாழ்க்கையில் முக்கிய இடம் பெற்ற நண்பர் அகஸ்டஸ் டி மார்கன். லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர் அவர். தமிழ் வாசகர்களுக்கு அவரிடம் ஒரு தனி உரிமை உண்டு. அவர் பிறந்தது 1806-ல், நம் மதுரையில்! தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டார்.

1847-ல் டி மார்கனுக்கும் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் சர் வில்லியம் ஹாமில்டனுக்கும் பெரும் சண்டை மூண்டது. 'எல்லாம்', 'சில' என்ற சொற்களைத் தர்க்கத்தில் எப்படிக் கையாள்வது என்பது பற்றிய சண்டை. என் கருத்தைத் திருடிவிட்டார் என்று ஹாமில்டன் குற்றம் சாட்டினார். இந்தச் சண்டையை லிங்கனில் இருந்து கவனித்த பூலுக்கு, வயல்வெளியில் தோன்றிய பழைய எண்ணம் மீண்டும் உயிர் பெற்றது. சில வாரங்களில் ஒரு சிறு நூலை எழுதி முடித்தார். தர்க்கத்தைக் கணித முறையில் ஆராயும் அந்த நூல் அதே 1847-ல் வெளியாயிற்று. டி மார்கனின் தர்க்க நூலும் அதே சமயத்தில்தான் வெளிவந்தது. போட்டிக்காரராகப் பார்க்காமல் பூலைத் தோழராக ஏற்றுக் கொண்டார் அந்தப் பெருந்தன்மையாளர்.

இரண்டு ஆண்டுகளில் பூலின் நிலை மாறியது. அயர்லாந்தில் புதிதாக மூன்று கல்லூரிகளை அரசாங்கம் நிறுவியது. அவற்றில் ஒன்று கார்க் நகரத்தில். கணிதப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் போட்டார் பூல். பட்டம் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் டி மார்கன் முதலிய பெரியோர்களின் நற்சாட்சிப் பத்திரங்கள் இருந்தன. 1849-ல் வேலை கிடைத்தது. மகனுக்குக் கிடைத்த பெருமையைக் காணத் தூரதரிசினி செய்த தந்தை உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார்.

வாக்கியம் கணக்கானது

பூலின் தலைசிறந்த நூல் 1854-ல் வெளியாயிற்று. சிந்தனையின் விதிகள் என்பது அதன் பொருள். அதில் அவர் செய்திருப்பதைச் சாதாரண ஜனங்களும் புரிந்து கொள்ள முடியும்.

'வெள்ளை' என்றால் உலகத்திலுள்ள வெள்ளைப் பொருள்கள் அனைத்தும். 'ஆடு' என்றால் ஆடுகள் அனைத்தும். இரண்டையும் பெருக்கினால் 'வெள்ளை ஆடு'. வெள்ளையை ஆட்டால் பெருக்கினாலும், ஆட்டை வெள்ளையால் பெருக்கினாலும் விடை ஒன்றே. எண் கணக்கும் அப்படித்தானே!

வெள்ளையை வெள்ளையால் பெருக்கினால்? 'வெள்ளை வெள்ளை ஆடு' என்று இரண்டு முறை சொன்னாலும் அது அதே வெள்ளை ஆடுதான். ஆகவே, ஒன்றை அதனாலேயே பெருக்கினால் அதுவேதான் வர வேண்டும். எண்களில் இந்த விதிக்கு உட்படுபவை எவை? இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு, சரிப்படாது. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது, அதுவும் சரிப்படாது. 1-ஐ 1-ஆல் பெருக்கினால் 1. 0-ஐ 0-ஆல் பெருக்கினால் 0. இந்த இரண்டு எண்களே தேறும்! எனவே, 'எல்லாம்' என்பதற்கு 1 என்றும், 'ஒன்றும் இல்லை' என்பதற்கு 0 என்றும் பூல் வைத்தார். வெள்ளை அல்லாதவற்றைக் குறிக்க, 1-லிருந்து வெள்ளையைக் கழித்தால் போதும். கம்ப்யூட்டர் 0, 1 என்ற இரண்டே எண்களில் வேலை செய்கிறது என்று கேள்விப்படும்போது, இந்தக் கணக்கை நினைத்துக் கொள்ளலாம்.

இனி, வாக்கியம் எப்படிக் கணக்காகிறது? பூல் தம் நூலில் ஓர் உதாரணம் எடுத்துக் கொண்டார். யூதர்களின் பழைய வேத விதிப்படி, குளம்பு பிளந்ததாகவும் அசை போடுவதாகவும் உள்ள பிராணியே சுத்தமான பிராணி. அதைத்தான் உண்ணலாம். பூல் ஆங்கில எழுத்துக்களால் எழுதியதைத் தமிழ் எழுத்துக்களால் எழுதிப் பார்க்கலாம். சுத்தமான பிராணிகள் 'சு'. குளம்பு பிளந்தவை 'கு'. அசை போடுபவை 'அ'. விதி முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது:

சு = கு × அ

இனி அர்த்தத்தை மறந்துவிட்டு, பள்ளிப் பிள்ளையைப் போல் கணக்கை மட்டும் போட வேண்டும். அசை போடுபவை எவை எவை என்று கேட்டு, 'அ'-வைக் கண்டுபிடிக்கும்படி கணக்கைத் திருப்பினார் பூல். மூன்று விடைகள் வந்தன. ஒன்று, சுத்தமான பிராணிகள் எல்லாம் அசை போடுபவையே. இரண்டு, குளம்பு பிளந்திருந்தும் சுத்தமில்லாத பிராணி எதுவும் அசை போடாது. பன்றி இதில் சேரும். மூன்று, சுத்தமும் இல்லாமல், குளம்பும் பிளவாமல் இருப்பவற்றில் சில அசை போடலாம், சில போடாமலும் இருக்கலாம். விதி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேத விதி ஒட்டகத்தை வைத்த இடம் இதுதான். அதோடு, குளம்பு பிளவாத சுத்தமான பிராணி ஒன்றுகூட இருக்க முடியாது என்ற செய்தியும் தானாக வந்து விழுந்தது.

விதியை எழுதியவர் இவற்றையெல்லாம் தனித்தனியாகச் சொல்லவில்லை. சொன்ன ஒரு வரிக்குள் அவை ஒளிந்திருந்தன. எது உறுதி, எது நடக்கவே நடக்காது, எதைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை என்று மூன்றையும் கணக்கு பிரித்துக் காட்டிவிட்டது. மூன்றாவதுதான் மிக முக்கியமானது. வாயால் சொல்லும்போது எதைச் சொல்ல மறந்தோம் என்பது சொல்பவருக்கே தெரிவதில்லை அல்லவா?

'அல்லது' செய்யும் வம்பு

இன்னோர் உதாரணம் இன்னும் சுவையானது. நாஸா சீனியர் என்ற பொருளாதார அறிஞர் செல்வம் என்றால் என்ன என்று ஓர் இலக்கணம் வகுத்திருந்தார். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறக்கூடியதாய், அளவோடு கிடைப்பதாய், இன்பத்தைத் தருவதாக அல்லது துன்பத்தைத் தடுப்பதாக உள்ள பொருளே செல்வம் என்பது அதன் சாரம். படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருப்பதாகவே தோன்றும். பூல் அதைக் கணக்காக எழுத உட்கார்ந்தார். 'அல்லது' என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது!

இன்பத்தையும் தந்து, துன்பத்தையும் தடுக்கும் பொருள் செல்வமா, இல்லையா? 'காப்பி அல்லது தேநீர்' என்று ஓட்டலில் சொன்னால், இரண்டில் ஒன்றுதான். 'மழை அல்லது வெயிலில் குடை பிடி' என்றால், மழையும் வெயிலும் சேர்ந்து வந்தாலும் குடை வேண்டும். பேச்சில் இரண்டுக்கும் சொல் ஒன்றே. கணக்கில் அப்படி முடியாது. பூல் இரண்டு அர்த்தங்களையும் தனித்தனிச் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார். எந்த அர்த்தம் வேண்டும் என்பதை எழுதுகிறவர் தேர்ந்துகொள்ள வேண்டும். மழுப்ப வழி கிடையாது.

இதிலே பூலுக்கே ஒரு பிடிவாதம் இருந்தது. கூட்டல் குறியை அவர் ஒன்றுக்கொன்று கலவாத கூட்டங்களுக்கு மட்டுமே பயன்படுத்தினார். ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற இளம் அறிஞர், கலந்தாலும் கூட்டலாம், ஒன்றோடு அதையே கூட்டினாலும் அதுவேதான் வரும் என்று கடிதம் எழுதினார். பூல் ஒப்புக்கொள்ளவில்லை. பிற்காலத்தவர் இந்த விஷயத்தில் ஜெவன்ஸின் வழியையே பின்பற்றினார்கள். இன்று 'பூலின் கணிதம்' என்று பாடப் புத்தகங்களில் இருப்பது, பூல் போட்ட அஸ்திவாரத்தின் மேல் பிறர் கட்டி முடித்த வீடு.

எவரெஸ்ட் குடும்பத்துப் பெண்

கார்க் நகரில் பூலுக்குத் தனிமை மிகுதி. 1850-ல், கல்லூரி உபதலைவர் வீட்டுக்கு விருந்தாளியாக ஓர் இளம் பெண் வந்தாள். பெயர் மேரி எவரெஸ்ட். இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக இருந்த சர் ஜார்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள். சென்னையில் பரங்கிமலைக்கு அருகில் 1802-ல் தொடங்கிய பெரிய நில அளவையை இமயம் வரையில் கொண்டு சென்றவர் அந்த எவரெஸ்ட். உலகிலேயே உயர்ந்த சிகரத்துக்கு அவர் பெயரைத்தான் 1865-ல் சூட்டினார்கள்.

மேரிக்குக் கணிதத்தில் ஆசை. பெண்களுக்குப் பல்கலைக் கழகக் கதவு திறக்காத காலம் அது. பூல் கடிதம் வாயிலாகவும் நேரிலும் அவளுக்குக் கணிதம் போதித்தார். 1855-ல் அவள் தந்தை காலமாகி, ஆதரவு இன்றி நின்றபோது, விவாகம் செய்து கொள்ளலாம் என்று பூல் கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் திருமணம் நடந்தது. இருவருக்கும் பதினேழு வயது வித்தியாசம். ஆயினும் மனமொத்த தம்பதிகள். கணவரின் நூல்களை எழுத்து எழுத்தாகப் படித்து, மாணவர்களுக்குப் புரியுமா என்று சொல்பவர் மேரிதான். 1857-ல் ராயல் சொஸைட்டி பூலைத் தன் உறுப்பினராக்கிக் கௌரவித்தது. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தன. பூலின் வாழ்வில் கவலையற்ற காலம் இது ஒன்றுதான்.

கொட்டும் மழையில்

1864-ம் ஆண்டு நவம்பர் மாதம். பூலின் வீடு நகருக்கு வெளியே இருந்தது. கல்லூரிக்குச் சில மைல் நடக்க வேண்டும். அன்று மழை கொட்டு கொட்டென்று கொட்டிற்று. விடுமுறை எடுத்திருக்கலாம், வண்டி பிடித்திருக்கலாம். வகுப்புக்கு நேரமாகிறது என்று நனைந்தபடியே நடந்தார் பூல். ஈர உடையுடனேயே நின்று பாடம் நடத்தினார். வீடு திரும்பியதும் ஜுரம் கண்டது. அது நுரையீரலில் இறங்கிற்று.

எந்தக் காரணத்தால் நோய் வந்ததோ அதையே மருந்தாகக் கொடுக்க வேண்டும் என்ற வைத்தியக் கொள்கையில் மேரிக்கு நம்பிக்கை இருந்தது. ஜுரத்தில் கிடந்தவரை ஈரத் துணிகளுக்கிடையில் படுக்க வைத்தார் என்று குடும்பத்தில் ஒரு செய்தி வழங்கி வந்தது. டிசம்பர் 8-ந் தேதி பூலின் உயிர் பிரிந்தது. அப்போது வயது 49. கைக்குழந்தைக்கு ஏழு மாதம்கூட நிறையவில்லை. கார்க் நகரை அடுத்த பிளாக்ராக் தேவாலய முற்றத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஐந்து பெண்கள்

முப்பத்திரண்டு வயதில் மேரி விதவையானார். சேமிப்பு கிடையாது. குழந்தைகளுடன் லண்டனுக்கு வந்து, பெண்கள் கல்லூரி ஒன்றின் நூல் நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். சிறுவர்களுக்குக் கணிதத்தைக் கைவேலையாகவும் விளையாட்டாகவும் கற்பிப்பது எப்படி என்று நூல்கள் எழுதினார்.

அந்தப் பெண்கள் சோடை போகவில்லை. மூன்றாம் மகள் அலிசியா கல்லூரிப் படிப்பே இல்லாமல், நான்கு பரிமாணக் கணிதத்தில் ஆராய்ச்சி செய்தார். 1914-ல் ஹாலந்து நாட்டின் கிரோனிங்கன் பல்கலைக் கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. தந்தைக்குக் கிட்டாத மாணவப் படிப்பு மகளுக்கும் கிட்டவில்லை. ஆனால் பட்டம் தேடி வந்தது! நான்காம் மகள் லூசி ரசாயனம் கற்பித்தார். கடைசி மகள் எதெல் 1897-ல் எழுதிய நாவல் ரஷ்யாவிலும் சீனாவிலும் லட்சக் கணக்கில் விற்றது. இரண்டாம் மகள் மார்கரெட்டின் பிள்ளை ஜெஃப்ரி டெய்லர், திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்து புகழ் பெற்ற விஞ்ஞானி. 2024-ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஜெஃப்ரி ஹிண்டன், மூத்த மகள் வழி வந்த எள்ளுப் பேரன்.

கல்லறைக்குப் பின் வந்த வெற்றி

பூல் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய கணிதம் தத்துவப் பேராசிரியர்களின் அலமாரியிலேயே கிடந்தது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால், பதில் சொல்வார் இல்லை. இதற்கிடையில் 1879-ல் ஜெர்மானியர் கோட்லோப் ஃபிரெகே, 'ஒவ்வொன்றும்', 'ஏதேனும் ஒன்று' என்ற சொற்களையும் குறியீட்டில் எழுத வழி கண்டார். பூலின் கணக்கில் இருந்த பெரிய குறை அதனால் நீங்கிற்று.

1937-ல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். மின்சார ஸ்விட்சு திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். இரண்டே நிலை; 0 அல்லது 1. இரண்டு ஸ்விட்சுகளை வரிசையாக இணைத்தால், இரண்டும் மூடியிருந்தால்தான் மின்சாரம் பாயும். பக்கம் பக்கமாக இணைத்தால், ஏதேனும் ஒன்று மூடியிருந்தாலே பாயும். முன்னது பூலின் பெருக்கல், பின்னது கூட்டல்! கல்லூரியில் தத்துவ வகுப்பில் பூலைப் படித்திருந்த ஷானனுக்கு இது பளிச்சென்று புலப்பட்டது. அதன் பின் எழுந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்கின்றன.

யந்திரத்துக்குள் புகுந்த பூலின் கணிதம் அதோடு நிற்கவில்லை. யந்திரம் என்ன செய்ய வேண்டும் என்று மனிதன் சொல்லும் வாக்கியத்திலும் அதற்கு வேலை வந்தது. 1949-ல் ஆலன் டூரிங், ஒரு புரோகிராம் சரியானதுதானா என்று சோதிக்க, அதன் ஒவ்வோர் இடத்திலும் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதி வைக்கலாம் என்றார். 1969-ல் டோனி ஹோர் என்ற ஆங்கில அறிஞர், புரோகிராம் தொடங்கு முன் எது உண்மை, முடிந்த பின் எது உண்மை என்பதைத் தர்க்க வாக்கியங்களாக எழுதி, இரண்டையும் கணிதம் போல் நிரூபிக்கும் முறையை வகுத்தார்.

இது எதற்கு என்று கேட்கலாம். ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். வருமானம் குறைந்த முதியவர் அல்லது விதவைக்கு உதவித் தொகை உண்டு என்பது விதி. படிப்பவருக்குச் சந்தேகமே தோன்றாது. இதைப் புரோகிராமாக எழுத வேண்டியவருக்குத்தான் சங்கடம். வருமானம் குறைந்தவர் 'ஏ', முதியவர் 'மு', விதவை 'வி' என்றால், விதியை இரண்டு விதமாக எழுதலாம்:

ஏ × (மு + வி)

(ஏ × மு) + வி

முதலாவதன்படி, விதவைக்கும் வருமானம் குறைவாக இருக்க வேண்டும். இரண்டாவதன்படி, வேண்டியதில்லை. வசதியுள்ள விதவைக்கு முதல் கணக்கு இல்லை என்கிறது. இரண்டாம் கணக்கு உண்டு என்கிறது. முதியவராகவும் விதவையாகவும் உள்ள ஏழைப் பெண்ணுக்கு ஒரு தொகையா, இரண்டா? அதையும் விதி சொல்லவில்லை. குமாஸ்தா உட்கார்ந்து எழுதினால், சந்தேகம் வந்த இடத்தில் மேலதிகாரியைக் கேட்பார். யந்திரம் கேட்காது. ஏதோ ஓர் அர்த்தத்தை வைத்துக்கொண்டு லட்சம் பேருக்கும் அதையே செய்துவிடும். அடைப்புக்குறி ஓர் இடம் தள்ளிப் போனால், தகுதியுள்ள ஏழையின் பெயர் பட்டியலில் இருந்து விழும். அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

ஆகையால்தான், பெரிய வேலைகளில் புரோகிராம் எழுதுமுன் வாய்ச்சொல்லை முதலில் கணித மொழியில் எழுதிப் பார்க்கிறார்கள். இந்த மொழிபெயர்ப்பைக் கம்ப்யூட்டரைக் கொண்டே செய்விக்கும் முயற்சிகளும் நடந்து வருகின்றன. யார் மொழிபெயர்த்தாலும், 'அல்லது' என்று சொன்னவர் எதை நினைத்துச் சொன்னார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்து கொள்ளத்தான் வேண்டும். கேட்க வேண்டிய இடம் எது என்று கணக்கு காட்டும். பதிலை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

செல்வம் என்ற சொல்லின் இலக்கணத்தில் 'அல்லது' வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி யோசித்த அந்தக் கார்க் நகரப் பேராசிரியர் செய்ததும் அதுதான். அவர் பணி புரிந்த கல்லூரி பிறகு பல்கலைக் கழகமாக வளர்ந்தது. 2015-ல் அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டை அது சிறப்பாகக் கொண்டாடிற்று. சந்திரனில் உள்ள பள்ளம் ஒன்றுக்கும் அவர் பெயர் இருக்கிறது. கடை வாசலில் தூரதரிசினியை நிறுத்தி வைத்த அந்தச் செருப்புத் தொழிலாளி இருந்திருந்தால், அதைத் தேடிக் கண்டு, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டியிருப்பார்.